தனகோட்டி செத்துக் கிடந்த ஒத்திகை

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி ஓர் ஓடுதளம் கிடக்கிறது. கிடக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். விமானம் இறங்கி வருஷக்கணக்காகிவிட்டது. சுரங்க வேலை பர்மனென்ட் ஆன சந்தோஷத்தில் கார் வாங்கியவர்கள் அதில் கிளட்ச் பழகுவார்கள். ரிட்டயர் ஆனவர்கள் சர்க்கரை குறைய நடப்பார்கள். மற்ற நேரமெல்லாம் மாடு மேயும். அந்த மாடுகளை விரட்டவும் புல் வெட்டவும் கான்ட்ராக்டில் வைத்திருந்த ஆள்தான் தனகோட்டி.

மாடுகள் வடக்கு வேலியில் இருந்த ஓட்டை வழியாக வரும். தனகோட்டியும் அதே வழியாகத்தான் வேலைக்கு வருவான். வேலிக்கு அந்தப் பக்கம், சரிவில், ஓடைக்கரையில் இருக்கிற ஓடைக்கொல்லைதான் அவன் ஊர். ஓட்டையை அடைக்கச் சொல்லி மேலே இருந்து பலமுறை உத்தரவு வந்திருந்தது. அடைத்தால் மாடு வராது. மாடு வராவிட்டால் மாடு விரட்ட ஆள் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். அதனால் அவன் அடைக்கவில்லை.

தானே புயல் வந்து பலாவையும் முந்திரியையும் வேரோடு புரட்டிப் போட்டதே, அதற்குப் பிறகு யாரோ எங்கேயோ உட்கார்ந்து, இனிமேல் பேரிடர் வந்தால் விமான நிலையங்களும் பேரிடர் முகமையும் கைகோத்து வேலை செய்ய வேண்டும் என்று பேசியிருக்கிறார்கள். கைகோப்பதற்கு ஒரு கூட்டுக் குழு போட்டார்கள். விமான நிலையத்தின் சார்பில் விஜயராஜ். விமானத்தைக் கண்ணால் பார்த்தே நாளாகிவிட்டாலும் மனிதர் எப்போதும் வானத்தைப் பார்த்துத்தான் நடப்பார். இரண்டு தடவை சாணியில் வழுக்கியிருக்கிறார். பேரிடர் முகமையின் சார்பில் கோபாலகிருஷ்ணன். அவருக்கு உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த ஆரஞ்சு சட்டை, கழுத்தில் ஒரு விசில். ஆக, ஒருவருக்கு விமானம் இல்லை, மற்றவருக்குப் பேரிடர் இல்லை. இல்லாத இரண்டையும் ஒருங்கிணைக்க நான்கு வருஷம் கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்கு போண்டா வாங்கி வருவதும் தனகோட்டிதான்.

நான்கு வருஷத்துப் போண்டாவுக்குப் பலனாக ஒரு கன்டெய்னர் வந்து இறங்கியது. உள்ளே புத்தம் புது ரப்பர் படகு, தார்ப்பாய், உணவுப் பொட்டலம். கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி விஜயராஜிடம், இன்னொரு சாவி கோபாலகிருஷ்ணனிடம். எதிர்த் தரப்பு முதலில் திறந்தால்தான் தன் தரப்பு திறக்கும் என்பது இருவருடைய நிலைப்பாடும். இதற்குத்தான் ஒருங்கிணைப்பு என்று பெயர் வைத்து, ரிப்பன் வெட்டி, போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

"படகு எதுக்குங்க சார் ஏர்போர்ட்டுல?" என்று தனகோட்டி அன்றைக்கே கேட்டான்.

"எங்கயாவது வெள்ளம் வந்தா இங்கேருந்து விமானத்துல ஏத்தி அனுப்பறதுக்கு" என்றார் விஜயராஜ்.

"விமானங்க சார்?"

"அது வந்தவுடனே."

தனகோட்டி தலையை ஆட்டினான். படித்தவர்கள் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று நம்புகிற அப்பாவி அவன். அந்த வியாதி அவனுக்கு ஓர் ஐப்பசி மாதத்தில், ஒரே நாளில் குணமானது.

இரண்டாயிரத்துப் பதினைந்து ஐப்பசியில் கூட்டு ஒத்திகை வைத்தார்கள். என்ன ஒத்திகை என்பதிலேயே முதலில் தகராறு. விமானம் விழுந்து நொறுங்க வேண்டும் என்றார் விஜயராஜ். நிலநடுக்கம் வர வேண்டும் என்றார் கோபாலகிருஷ்ணன். இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பறந்துகொண்டிருக்கிற விமானம் நிலநடுக்கத்தில் சிக்கிக்கொள்கிறது. வெள்ளத்தை ஏன் வைக்கவில்லை என்று டீ கொடுக்கப் போன தனகோட்டி வாய் தவறிக் கேட்டுவிட்டான். வெள்ளத்துக்கான ஒத்திகை மே மாதம், அப்போதுதான் மழைத் தொந்தரவு இருக்காது என்று விளக்கம் சொன்னார்கள்.

அடுத்த தகராறு பிணத்துக்கு.

"ஓடுதளத்துல செத்தா அது விமான விபத்து. உங்க பொணம் சார்" என்றார் கோபாலகிருஷ்ணன்.

"நிலநடுக்கத்துல செத்தா அது பேரிடர். உங்க பொணம்" என்றார் விஜயராஜ்.

போண்டா ஆறுகிற வரைக்கும் இப்படித் தள்ளி விளையாடினார்கள். கடைசியில், காயம்பட்டவர்களுக்கு இரு தரப்பும் பொறுப்பு, செத்தவர்களுக்கு எவரும் பொறுப்பில்லை என்று முடிவானது. கூட்டுக் குழுவின் சரித்திரத்திலேயே ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான். தனகோட்டி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே காலி டம்ளர்களைப் பொறுக்கினான்.

ஒத்திகையன்று விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையில்லை, வானத்தையே கவிழ்த்து ஊற்றினாற்போல அடித்தது. ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தனகோட்டிக்கு வீட்டை விட்டு வர மனமே இல்லை. குறிஞ்சிப்பாடியில் தறிக்காரக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்த மகள் வெண்மதி, தலைப்பிரசவத்துக்கு வந்து இன்றைக்கோ நாளைக்கோ என்று வீட்டில் இருந்தாள். லீவு கேட்டு கான்ட்ராக்ட் சூப்பர்வைசருக்கு போன் போட்டான்.

"நீ இல்லன்னா பொணத்துக்கு நான் எங்க போறது? வரலன்னா நாளையிலேர்ந்து வரவே வேணாம்" என்று சூப்பர்வைசர் போனை வைத்துவிட்டான்.

"போய்ட்டு வந்துடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் அவன் மனைவி கனகம். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஓட்டை வழியாக நுழைந்து வந்தான்.

ஓடுதளத்தில் விமானம் தயாராக நின்றது. ஒரு பழைய ஷிப்ட் பஸ்ஸுக்கு, முத்தாண்டிக்குப்பத்துப் பழைய இரும்புக் கடையில் எடுத்த தகரத்தை இரண்டு பக்கமும் இறக்கையாகக் கட்டியிருந்தார்கள். டவுன்ஷிப் மெயின் பஜாரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிற நந்தினி, காயம் வரைய வந்திருந்தாள். கல்யாணப் பெண்ணுக்குப் போடுகிற அதே பெட்டியைத் திறந்து மழைக்கும் கரையாத ரத்தம் குழைத்தாள். காயம்பட்டவர்களுக்குக் கழுத்தில் சிவப்பு அட்டை, செத்தவர்களுக்குக் கறுப்பு அட்டை. தனகோட்டியின் நெற்றியில் ஒரு பிளவு வரைந்து, கறுப்பு அட்டையை மாட்டினாள். "கண்ண மூடிக்குங்கண்ணே. செத்தா நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள்.

கோபாலகிருஷ்ணன் விசில் ஊதினார். நிலம் நடுங்கியதாக மைக்கில் அறிவித்தார்கள். பஸ் மெதுவாக உருண்டு வந்து ஒரு குழியில் இறங்கி விபத்துக்குள்ளானது. தனகோட்டி ஓடுதளத்தில் மல்லாந்து செத்துப்போனான். மறுவிசில் வரும் வரை பிணங்கள் எழுந்திருக்கக் கூடாது. மறுவிசிலோ, டெல்லியிலிருந்து வருகிற உயர்நிலைப் பார்வையாளர் வந்து பார்த்த பிறகுதான். வாய்க்குள் மழை விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தான்.

சட்டைப் பையில், பாலிதீன் உறைக்குள் போன் அடித்தது. கனகம்.

"இன்னாங்க, கேக்குதா? ஓட ஒடச்சிக்கினு ஊருக்குள்ள வந்துடிச்சி. நம்ம வூட்டுல இடுப்பளவு தண்ணி. எல்லாரும் ரேசன் கடை மாடியில ஏறி நின்னுகினு இருக்கோம். பொண்ணுக்கு வலி எடுத்துக்கிச்சிங்க, துடிச்சிகினு இருக்குறா. உங்க ஏர்போர்ட்டுலதான் படகு வெச்சிருக்காங்கன்னீங்களே, எடுத்துகினு வாங்க. சீக்கிரம்!"

பின்னால் மகள் அலறுகிற சத்தம் கேட்டது. தனகோட்டி எழுந்து உட்கார்ந்தான்.

"யாருய்யா அங்க, செத்துட்டு போன் பேசறது?" கோபாலகிருஷ்ணன் குடையோடு ஓடி வந்தார்.

"சார், எங்க ஊரு முழுவிப் போச்சி சார். எம் பொண்ணுக்குப் பிரசவ வலி. அந்தப் படகக் குடுத்தீங்கன்னா…"

"உன் அட்டை என்ன கலர்?"

"கறுப்புங்க."

"கறுப்பு அட்டைக்குக் கோரிக்கை கிடையாது. சிவப்பு அட்டைக்குத்தான் முன்னுரிமை. ஒழுங்கா படு. டெல்லிக்காரர் வர நேரம்."

தனகோட்டி படுத்தான். என்ன செய்வான் பாவம், பழக்கம். ஆனால் படுத்த மாத்திரத்தில் மூளை வேலை செய்தது. பஸ் இறக்கைக்கடியில் மழை படாமல் சிவப்பு அட்டையோடு கிடந்தான் கூட்டாளி கொளஞ்சியப்பன். தனகோட்டி புரண்டு புரண்டே அவனிடம் போய்ச் சேர்ந்தான்.

"மச்சான், அட்டைய மாத்திக்கலாம்டா. காயம் பட்டவன் சொன்னாத்தான் கேப்பானுங்களாம்."

"எடுத்துக்க மச்சான். எனக்கென்னா, செத்துட்டுப் போறேன்" என்றான் கொளஞ்சியப்பன்.

சிவப்பு அட்டையை மாட்டிக்கொண்டு தனகோட்டி எழுந்து நின்றதுதான் தாமதம், நான்கு தொண்டர்கள் பாய்ந்து வந்து அவனைப் படுக்க வைத்து, ஸ்டிரெச்சரில் தூக்கிக்கொண்டு மருத்துவக் கூடாரத்துக்கு ஓடினார்கள். அங்கே டாக்டர் அட்டையைப் படித்துவிட்டு, அவன் நல்ல காலில் இரண்டு மரக்கட்டை வைத்துக் கட்டுப் போடச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. எம் பொண்ணுக்குத்தான்…"

"பேசக் கூடாது. நீங்க மயக்கத்துல இருக்கீங்க" என்றார் டாக்டர்.

கூடாரத்துக்குள் விஜயராஜும் கோபாலகிருஷ்ணனும் வந்தார்கள். முன்னுரிமைக்காரன் என்பதால் இந்த முறை காது கொடுத்தார்கள். தனகோட்டி கும்பிட்டு அழுதே விட்டான். கூடாரத்து வாசலிலிருந்து பார்த்தாலே வேலிக்கு அப்பால் ஓடைக்கொல்லை தெரிந்தது. கூரைகள் மட்டும் தெரிந்தன. ரேஷன் கடை மாடியில் ஆட்கள் துணியை வீசிக்கொண்டிருந்தார்கள்.

விஜயராஜ் பொறுமையாகச் சொன்னார். "தனகோட்டி, நல்லா புரிஞ்சுக்க. விமான நிலையத்துல வெச்ச நிவாரணப் பொருள் வான்வழியாத்தான் வெளிய போகணும். அதுதான் கூட்டுக் குழுவோட அடிப்படையே. ரெண்டு பேர் தலைமேல வெச்சித் தூக்கிக்கினு வேலி ஓட்டையில போறதுக்கு விமான நிலையம் எதுக்கு? நாளைக்கு எவனாவது கேப்பானா மாட்டானா?"

"சாருக்குச் சொந்தமான இடத்துல நான் தலையிட முடியாது" என்றார் கோபாலகிருஷ்ணன். "ஆனா வேலிக்கு வெளிய நடக்கறது முழுக்க என் பொறுப்பு. அதுல நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்."

"அப்ப வாங்க சார்!" என்று எழுந்தான் தனகோட்டி.

"எப்படி வர்றது? என் ஆளுங்க எல்லாம் இன்னிக்கு வேலிக்கு உள்ள இருக்காங்களே. நிலநடுக்கத்த அப்படியே விட்டுட்டு வர முடியுமா?"

"சார், அங்க நெசமாவே வெள்ளம் சார்!"

"அதான் சொல்றேன். அது அட்டவணையில இல்ல."

இரண்டு பேரும் ஓடைக்கொல்லையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, டெல்லிக்காரர் மேடை அந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தால் பின்னணி எடுப்பாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். மனுஷ ஜென்மமா இதுகளெல்லாம்! தனகோட்டிக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. காலில் கட்டிய கட்டையை அவிழ்த்து இந்த இரண்டு மண்டையிலும் ஆளுக்கொன்று போட்டால் என்ன என்று முதல் தடவையாக அவனுக்குத் தோன்றியது.

அப்போது வெளியே ஹார்ன் சத்தம். உயர்நிலைப் பார்வையாளர் ஹெலிகாப்டரில் வருவதாக ஏற்பாடு. மோசமான வானிலையால் ஹெலிகாப்டர் கிளம்பவில்லை. ஆகவே விமான நிலையத்தின் பேரிடர் ஆயத்தத்தைப் பார்வையிட அவர் காரில் வந்தார். ஓடுதளத்தின் பள்ளத்தில், காருக்கும் மேடைக்கும் நடுவே, கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. அவர் கார்க் கதவைத் திறந்தார், தண்ணீரைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார், திரும்பக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடடா, அந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! விஜயராஜ் கன்டெய்னருக்கு ஓடினார். கோபாலகிருஷ்ணன் அவரை முந்தி ஓடினார். நீ முதலில் நான் முதலில் என்ற பேச்சே இல்லை. ரிப்பன் வெட்டிய நாளிலிருந்து திறக்காத இரண்டு பூட்டும் ஒரே மூச்சில் திறந்தன. படகுக்குக் காற்றடித்தார்கள், தண்ணீரில் விட்டார்கள், பெரியவரைக் கைத்தாங்கலாக ஏற்றி, கோபாலகிருஷ்ணனே முழங்கால் நனையத் தள்ளிக்கொண்டு போய் மேடையில் இறக்கினார். விஜயராஜ் குடை பிடித்தார். பேரிடர் முகமையும் விமான நிலையமும் அப்படி ஒற்றுமையாக வேலை செய்ததை அதற்கு முன்னாலும் யாரும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. மாலை போட்டார்கள். படகு பள்ளத்தோரம் சும்மா மிதந்தது.

தனகோட்டி எழப் பார்த்தான். தொண்டர்கள் அமுக்கினார்கள். சிவப்பு அட்டை அசையவே கூடாதாம். அப்போதுதான் அவனுக்கு அந்தப் பழைய தகராறு நினைவுக்கு வந்தது. காயம்பட்டவனுக்குத்தான் இத்தனை காவல். செத்தவனுக்கு எவன் பொறுப்பு?

கண்ணைச் செருகி, வாயைப் பிளந்து, தலையைத் தொங்கப் போட்டான். டாக்டர் பார்த்துவிட்டு, "பேஷன்ட் போயிட்டார், வெளிய கொண்டு போங்க" என்று எரிச்சலாகச் சொன்னார். மரக்கட்டையோடு அவனைக் கொண்டுவந்து பஸ் பக்கத்தில் இறக்கிவிட்டு அடுத்த காயத்துக்கு ஓடினார்கள். அவன் கட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கொளஞ்சியப்பனை உலுக்கினான்.

"என் சாவத் திருப்பிக் குடு மச்சான். நீயும் எழுந்து வா. பொணத்தக் கேக்க ஆள் இல்ல."

"ரெண்டு பேருக்கும் ஒரே அட்டையா?" என்று விழித்தான் கொளஞ்சியப்பன்.

இதையெல்லாம் இறக்கைக்கடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நந்தினி, பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு அட்டையை எடுத்து நீட்டினாள். "இந்தாங்கண்ணே, என்கிட்ட நிறைய சாவு மீதி இருக்கு. சிவப்பயும் கையில வெச்சுக்குங்க, உதவும். ஓடுங்க."

இரண்டு பிணங்கள் பள்ளத்துக்குப் போய், படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மேடைக்கு முன்னாலேயே நடந்தன. மைக்கில் வரவேற்புரை ஓடிக்கொண்டிருந்தது. விமான நிலையக் காவலாளி மறித்தான்.

"யாருய்யா நீங்க?"

"பொணம்."

"எங்க பொணமா?"

"இல்லீங்க."

"அப்ப சரி, போ" என்று விட்டுவிட்டான். கொஞ்ச தூரத்தில் முகமையின் ஆள் மறித்து அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு நகர்ந்தான். வடக்கு வேலியில் மாடு நுழைகிற ஓட்டையில் படகு நுழையவில்லை. இருவரும் கம்பத்தை உதைத்துச் சாய்த்தார்கள். அந்தப் பக்கம், சரிவில் இறங்கியதும் வெள்ளம்.

ரேஷன் கடை மாடிப் படியில் படகை அணைத்தபோது கனகம் ஓவென்று அழுதாள். "வந்துட்டீங்களா… மண்டையில இன்னாங்க இவ்ளோ ரத்தம்?"

"சாயம்மே. ஏறு, ஏறு."

வெண்மதி அவன் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. "அப்பா, முடியலப்பா" என்றாள். "ஆயிடிச்சிம்மா, வந்துட்டோம்மா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவளையும் கனகத்தையும் கரை சேர்த்ததும், கொளஞ்சியப்பன் மற்றவர்களைக் கொண்டுவரப் படகைத் திருப்பினான். படகைப் பிடித்தபடி நீந்தி வந்த ஊர் இளவட்டங்கள், வெள்ளத்தில் மிதந்து வந்த ஒரு கட்டிலில் மகளைக் கிடத்தித் தூக்கி ஓட்டை வழியாக ஓடுதளத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒத்திகைக்கு வந்த ஆம்புலன்ஸ் அங்கே நின்றது. விசில் இல்லாமல் எடுக்க மாட்டேன் என்று டிரைவர் சொல்ல வாயெடுத்தான். தனகோட்டி சிவப்பு அட்டையை எடுத்து மகள் கழுத்தில் மாட்டினான். அவ்வளவுதான். எங்கிருந்தோ தொண்டர்கள் பாய்ந்தார்கள், கதவு திறந்தது, சைரன் அலறியது. யார், எந்த ஊர் என்று ஒருவனும் கேட்கவில்லை.

வெண்மதி போட்ட கூச்சல் மேடை வரைக்கும் கேட்டது. டெல்லிக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். "எத்தனையோ ஒத்திகை பாத்திருக்கேன். இப்படித் தத்ரூபமான நடிப்பைப் பார்த்ததில்லை" என்று அவர் சொன்னதை மைக்கில் தமிழில் சொன்னார்கள். அதற்குள் படகில் வந்து சேர்ந்த ஓடைக்கொல்லைக்காரர்கள் நனைந்த குழந்தைகளும் ஆடுகளுமாக ஓட்டை வழியாக ஏறி வரத் தொடங்கினார்கள். அவர்களையும் சேர்த்தே போட்டோ எடுத்தார்கள். கோபாலகிருஷ்ணன் மைக்கைப் பிடித்து நிறைவுரை ஆற்றினார். "ஒரு உண்மையான வெள்ளமே குறுக்க வந்தும், அதனால நம்ம ஒத்திகைய ஒரு நிமிஷம்கூட நிறுத்த முடியல. இதுதான் ஆயத்தம்!" என்றார். விஜயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நெற்றியில் பிளவோடு வந்த தாத்தாவைப் பார்த்து நர்ஸ் அலறி, அவனையும் ஒரு பெட்டில் படுக்கச் சொன்னாள். இனிமேல் யார் சொன்னாலும் படுப்பதாக இல்லை என்று தனகோட்டி நின்றுகொண்டே பேத்தியைப் பார்த்தான்.

வெள்ளம் வடிந்தது. கூட்டுக் குழுவுக்கு ஒரு கேடயம் வந்தது. படகைத் துடைத்துக் காற்றிறக்கி கன்டெய்னரில் வைத்து, பழையபடி இரண்டு பூட்டும் போட்டார்கள். ஒத்திகையில் நடந்த குறைகளை அலசக் கூட்டம் கூடியது. போண்டா வைத்துக்கொண்டு நெடுநேரம் அலசியதில் ஒரே ஒரு குறைதான் அகப்பட்டது. வடக்கு வேலியில் ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. அதன் வழியாக வெளியாட்கள் உள்ளே வந்திருக்கிறார்கள். உடனே அடைக்க வேண்டும், இதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"இன்னிக்கே அடச்சிடணும், புரிஞ்சுதா?" என்றார் விஜயராஜ்.

"சரிங்க சார்" என்றான் தனகோட்டி.

அன்றைக்கே முள்கம்பியும் குறடும் எடுத்துக்கொண்டு போய், இழுத்துக் கட்டி, சுத்தமாக அடைத்தான். படகு போகிற அகலத்தை மட்டும் விட்டுவிட்டான்.